குமாஸ்தா வீட்டுப் பூனை குண்டா, ஒல்லியா?

முற்றத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் பூனை மல்லாந்து கிடந்தது. நாலு காலும் நாலு பக்கம். வெள்ளை வயிறு நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சப்ளை இன்ஸ்பெக்டர் நின்றார்.

அப்போதுதான் அவர் எங்கள் வீட்டைச் சோதனை போட்டு முடித்திருந்தார். அடுப்படிப் பானை, பரண், கொட்டகை, வைக்கோல் போர் எல்லாம் பார்த்தாயிற்று. நெல் குதிரின் வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு கிழிந்த பாயும் கம்பி முறிந்த குடையும் இருந்தன. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்ல வேண்டிய அவசியமே எங்களுக்கு வரவில்லை.

கிளம்பப் போனவர் பூனையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எல்லாம் சரிதாங்க. இந்தப் பூனை என்ன சாப்பிடுது?" என்று கேட்டார்.

வாசலில் கூடியிருந்த தெருவே கழுத்தை நீட்டியது. என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கண்ட்ரோல் அரிசிக் கடையில் குமாஸ்தா. உலகச் சண்டைக் காலம். ஊரே கேப்பைக் கூழும் சோளக் கூழும் குடித்துக்கொண்டிருந்தபோது, அரிசி அளந்து போடுகிறவர் வீட்டுப் பூனை உருண்டையாக இருந்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

எனக்குப் பதில் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவர் வேலை பிழைக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் காதில் விழும்படி அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் என்று சொல்வதற்குப் பூனையின் வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தராசில் ஏறாத பூனை

நான் வாழ்க்கைப்பட்டு அரிமளம் வந்தபோது அந்தப் பூனை குட்டி. கடுவன். முதுகில் மட்டும் சாம்பல் திட்டு. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. என் மாமியார் மோர் கடையும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்ததாம், அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம். அதற்குப் பெயர் கிடையாது. பூனைக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பொழுது இருக்கவில்லை.

அது குண்டா இல்லையா என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சி.

என் மாமியார் கட்சி, அது இளைத்துப்போய்விட்டது என்பது. அவருக்கு அத்தாட்சி அதன் குரல். "கத்துறதப் பாரு, வயித்துல ஒண்ணும் இல்ல" என்பார். பூனை என்றால் கத்தத்தானே செய்யும் என்று நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். வயிறு நிறைந்த பூனை வேறு மாதிரி கத்துமாம். அந்த வேறு மாதிரியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கணக்குத்தான் கண். அடுப்படிக் கதவின் அடியில் பூனை போய்வர ஒரு ஓட்டை உண்டு. முன்பு அதில் சாரைப்பாம்பாய் நுழைந்து வந்த பூனை, பிற்பாடு தலையையும் முன்னங்காலையும் விட்டு, கொஞ்சம் யோசித்து, மூச்சை விட்டு, பின்பக்கத்தை ஒரு உலுக்கு உலுக்கி வரும். ஓட்டை மாறவில்லை, ஆகவே பூனைதான் மாறியிருக்கிறது என்பார் அவர். மரம் ஈரத்தில் ஊதியிருக்கும் என்பார் மாமியார். மழை பெய்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

நான் மூன்றாவது கட்சி. என் மடியில் படுத்தால் கால் மரத்துப்போகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒருமுறை மாமியாரே மகனிடம் சொன்னார், "ஒங்கடையில தராசு இருக்குல்ல, தூக்கிட்டுப் போயி நிறுத்துப் பாத்துட்டு வந்து சொல்லு." அவர் பதறிப்போனார். சர்க்கார் தராசில் பூனையை ஏற்றுவதா? அவர் அப்படிப்பட்ட மனிதர். சாயந்திரம் கடையைப் பூட்டுமுன் வாசலில் நின்று வேட்டியை அவிழ்க்காத குறையாக உதறுவார், மடிப்பில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாதாம். ஊரெல்லாம் வாங்கி முடிந்த பிறகு எங்கள் பங்கை அடிமூட்டையிலிருந்துதான் அளப்பார். அதில் பாதி கல், மீதி புழு. அந்த நேர்மையை நான் அப்போது அவ்வளவாக மெச்சவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புழு பொறுக்கியது நான்.

ஆகவே பூனையின் எடை கடைசிவரை அவரவர் அபிப்பிராயமாகவே இருந்தது.

கம்பவுண்டர் வீட்டு நாய்

தெருக்கோடியில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் குடியிருந்தார். ஒருநாள் எங்கள் பசுவுக்கு மருந்து கொடுக்க வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். பூனையைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

அவர் விலாவில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். விலா எலும்பு கைக்குத் தட்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது, அதுதான் அளவு என்றார். இந்தப் பூனைக்கு எலும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, சோற்றைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

மாமியாருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஒங்க வீட்டு நாயத் தடவிப் பாத்திங்களா?" என்று கேட்டார்.

கேட்டதில் நியாயம் இருந்தது. கம்பவுண்டர் வீட்டு டைகரை அறியாதவர் அரிமளத்தில் இல்லை. பாரம் ஏற்றிய வண்டி போலத் தெருவில் அசைந்து வரும். குரைக்க வேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்துகொள்ளும். திருடன் வந்தால் அவனே அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கம்பவுண்டர் கொஞ்சமும் அசரவில்லை. "அது சாதி அப்படிங்க ஆத்தா. எலும்பு பெருசு" என்றார். பகடி இல்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னார். ஊரில் இருக்கும் மாட்டுக்கெல்லாம் விலா எண்ணுகிறவருக்குத் தன் நாயின் விலா மட்டும் கைக்கு வரவில்லை.

சிரிக்காதீர்கள். திருச்சியில் இருக்கும் என் மருமகள் போன மாதம் தன் சடைநாயை டாக்டரிடம் தூக்கிப் போனாள். எடை அதிகம் என்றாராம். "அது முடிதான் டாக்டர்" என்று வாதாடிவிட்டு வந்து, இரவு சாப்பிடும்போதும் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டே தன் தட்டிலிருந்து ஒரு துண்டு சப்பாத்தியைக் கீழே போட்டாள். கீழே ஒரு வாய் தயாராக இருந்தது.

இதற்கு நேர் எதிராகவும் பார்த்திருக்கிறேன். என் பிறந்த ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த பூமி. என் தகப்பனார் சந்தையில் பத்தடி தள்ளி நின்றே அடுத்தவன் காளைக்கு எவ்வளவு சதை, எவ்வளவு தவிடு என்று சொல்லிவிடுவார். மழை பொய்த்த ஒரு வருஷம் எங்கள் சொந்தக் காளைகளின் இடுப்பெலும்பில் துண்டைத் தொங்கப்போடலாம் போல ஆகிவிட்டது. என் அம்மா சொன்னதற்கு, "உழைக்கிற மாடு இப்படித்தான் இருக்கும்" என்றார். வைக்கோல் இல்லை என்று சொல்ல மனசு வராதவர் வேறென்ன சொல்வார்? தன் வீட்டு உயிரைப் பார்க்கும்போது மனுஷனுக்குக் கண்ணில் படுவது அதன் உடம்பில்லை, தன் மனசு தாங்குகிற ஏதோ ஒன்று. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

"பூனை நல்லாருக்கா?"

பர்மா அரிசி நின்றதும் எல்லாமே மாறியது. எங்கள் சமஸ்தானத்து ஊர்களில் கார்டுக்கு அளந்துதான் அரிசி. அளந்ததும் வாரம் முழுக்கக் காணாது. மனிதர்களுக்குக் கன்னம் ஒட்டியது. தெருநாய்கள் நிழல் மாதிரி திரிந்தன. டைகர்கூடக் கொஞ்சம் நடையில் வேகம் காட்டத் தொடங்கியது.

எங்கள் பூனை மட்டும் இன்னும் பெருத்தது.

முதலில் சினையாக இருக்கும் என்றார்கள். கடுவனாயிற்றே என்றேன். அப்புறமும் சிலர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள், குட்டி எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி தொடங்கியது.

யாரும் நேரே எதுவும் சொல்லவில்லை. கிணற்றடியில், கடை வரிசையில், கோயில் வாசலில் என்னைப் பார்த்தால் விசாரிப்பார்கள், "பூனை நல்லாருக்கா?" அவ்வளவுதான். என் மாமியாரின் முழங்கால் வலியை விசாரிக்காதவர்கள், என் வீட்டுக்காரருக்கு ஜுரம் வந்ததை விசாரிக்காதவர்கள், பூனையை விசாரித்தார்கள். கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். முகத்தில் அடித்தால்கூடத் திருப்பி ஒரு சொல் சொல்லலாம். இதற்கு "நல்லாருக்கு" என்பதைத் தவிர என்ன சொல்வது?

தெருவில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி பேசினாள். அடுத்த வீட்டு வள்ளியக்கா. "யாரு கண்ணு பட்டுச்சோ, பூனை எளச்சுப் போச்சே தாயி" என்பாள். எங்கள் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நல்லவள். என் மாமியாருக்கோ ஒரே சந்தோஷம், தன் கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

வள்ளியக்காவின் புருஷன் ரங்கூனில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். குண்டு விழுந்து சனங்கள் நடந்தே தப்பி வந்தபோது அவர் வரவில்லை. வந்து சேர்ந்த ஒருவர்தான் நேரில் வந்து, அவர் கண்ணை மூடியதைச் சொன்னார். பிள்ளைகுட்டி கிடையாது. ஒற்றை ஆள் கார்டு. அதற்கு அளக்கும் அரிசியைத் தன் கையால் அளப்பதே என் வீட்டுக்காரருக்குச் சங்கடமாக இருக்கும், அவ்வளவு கொஞ்சம்.

சுவரில் ஒரு இலை

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே கொல்லையில் ஒரு மண்சுவர். வள்ளியக்கா தினமும் சோறு பொங்கியதும் ஒரு பூவரச இலையில் வைத்து அந்தச் சுவர்மேல் வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிடுவாள். மற்ற வீடுகளில் அமாவாசைக்கும் சனிக்கிழமைக்கும் வைப்பதோடு சரி. அரிசி இல்லாத காலத்தில் அதுவே பெரிசு. அவள் ஒருநாளும் விட்டதில்லை.

ஆரம்பத்தில் காக்கை எடுக்கவில்லை. வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். செத்துப்போன புருஷனுக்கு ஏதோ மனக்குறை என்று தெருப் பெண்கள் குசுகுசுத்தார்கள். அவள் காதிலும் விழுந்திருக்கும். காய்ந்த சோற்றை எடுத்துத் தண்ணீரில் போட்டுத் தானே குடித்துவிடுவாள்.

ஒருநாள் ஓடி வந்து என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு எடுத்துருச்சு ஆத்தா" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் இலை காலியானது.

வெகுநாள் கழித்து ஒரு மதியம், துணி காயப்போடக் கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவர்மேல் எங்கள் பூனை. முன்காலை மடக்கி உட்கார்ந்து, வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி நிதானமாக அந்தச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. முடித்துவிட்டு இலையை நக்கியது. மீசையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் குதித்து, கதவு ஓட்டையில் நுழைந்து, பின்பக்கத்தை உலுக்கி உள்ளே போயிற்று.

அடுப்படியில் மாமியாரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

"யாருட்டயும் மூச்சு விடாத" என்றார். "அவ புருசன் வந்து திங்கிறதா நெனச்சுக்கிட்டு உசிர வச்சிருக்கா."

பஞ்சாரத்துக்குள்ளே

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்தார். தெருவில் சிலர் திருமயம் தாலுகா கச்சேரி வரைக்கும் போய்ப் புகார் சொல்லிவிட்டார்களாம். சோதனை வரும் என்று பேச்சு. அரிசியில் கை வைத்தவன் என்று பெயர் வந்தால் வேலை மட்டுமில்லை, ஜெயிலும் உண்டு. வீட்டில் வேறு வருமானம் கிடையாது. நிலம் காய்ந்து கிடந்தது.

பூனையை இளைக்கவைப்பது என்று முடிவு செய்தார். கோழியைக் கவிழ்த்து வைக்கிற பஞ்சாரத்தைக் கொண்டுவந்து பூனையை அதற்குள் போட்டு, மேலே அம்மிக்குழவியை வைத்தார். அது போட்ட சத்தம் இருக்கிறதே! மாமியார் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தார். மோர்த்தண்ணி மட்டும் ஊற்றச் சொல்லி உத்தரவு. அவர் கடைக்குப் போனதும் மாமியார் எதை ஊற்றினார் என்று நான் பார்க்கவில்லை.

சுவரில் இலை காய்ந்தது. மறுநாளும் காய்ந்தது.

வள்ளியக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். "பூனையைக் காணமே தாயி. நல்லாருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. இவளுமா? தெருவெல்லாம் கேட்டுக் கேட்டுப் புண்ணாக்கிய அதே கேள்வி. நல்லாத்தான் இருக்கு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவள் இன்னும் அங்கேயே நிற்பது எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயந்திரம் மாமியார் பஞ்சாரத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மகனைக் கூப்பிட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் தெரியும், பூனை எங்கே தின்கிறது என்பது. கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் அதைச் சொல்லிவிட்டால் போகிறது, நம் மேல் தப்பில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்றார்.

"சொன்னா ஒன் வேலை பொழைக்கும். அவ பொழைப்பாளா?" என்று கேட்டார் மாமியார்.

"ஆத்தா, எனக்கு வேலை போயிரும்."

"போனா வேற வேலை பாப்ப. ஒனக்குக் கையுங் காலும் இருக்கு. அவளுக்கு அந்த எலை ஒண்ணுதான் இருக்கு."

அவர் எழுந்து வந்து அம்மிக்குழவியைத் தானே இறக்கி வைத்தார். பூனை வெளியே வந்து எங்களில் ஒருவரையும் திரும்பிப் பாராமல் கொல்லைப் பக்கம் போனது. புழு பொறுக்கியதற்காக அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அன்றைக்குப் போயிற்று.

எலி எதைத் தின்கிறது?

இதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் வந்ததும், குதிரில் குடையைப் பார்த்ததும், பூனையைப் பார்த்துக் கேட்டதும்.

மாமியார் முந்திக்கொண்டார். "எலி புடிச்சுத் திங்குதுங்க ஐயா."

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. கெட்டிக்காரர், அதுதான் தொந்தரவு. "பூனை இம்புட்டு இருக்குன்னா எலி நெறைய இருக்கணும். அம்புட்டு எலி இந்த வீட்ல எதைத் திங்குது?" என்றார்.

வாசலில் சிரிப்பு எழுந்தது. கம்பவுண்டர்கூடச் சிரித்தார். என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன், வாசலில் நின்ற வள்ளியக்காவைப் பார்த்தேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் என் பக்கம் திரும்பித் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்று.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வள்ளியக்காவே உள்ளே வந்தாள்.

"ஐயா, அது திங்கிறது எங்க வீட்டுச் சோறு. தெனமும் கொல்லைச் சுவத்துல காக்காய்க்கு வைக்கிறேன். இதுதான் வந்து திங்குது."

சிரிப்பு நின்றது. இன்ஸ்பெக்டர், காக்கைக்கு வைப்பது ஒரு கைப்பிடிதானே, அதில் இவ்வளவு உடம்பு வருமா என்று கேட்டார்.

"மொதல்ல கைப்பிடிதாங்க வச்சேன். திங்கிறதப் பாத்தா அதுக்குப் பத்தல. அப்புறம் கூட வச்சேன்."

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம என்ன? காக்கா தின்னா எலையக் கலச்சுப் போட்டுட்டுப் போகும். இது நக்கித் தொடச்சுல்ல வச்சிருக்கும்." வள்ளியக்கா என்னைத்தான் பார்த்துப் பேசினாள், ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. "அவரு கண்ண மூடுனது ரங்கூன்ல. அம்புட்டுத் தூரத்துச் சேதி இந்தக் காக்காய்க்கு எப்படித் தெரியும்? நான் வச்சத ஒரு வாயி வந்து வயிறாறத் திங்குதே, எனக்கு அது போதும்னு இருந்தேன்."

பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "அது ஒண்ணும் கொழுப்பு இல்லீங்க ஐயா. பாக்கத்தான் அப்படி. தூக்கிப் பாத்தா வெறும் எலும்பு" என்றாள்.

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். கம்பவுண்டர் தன் டைகருக்குச் சொன்ன அதே குரல். அது எங்கள் வீட்டுப் பூனை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தெருவில் அது யார் கண்ணுக்கு இளைத்துத் தெரிந்தது என்று பார்த்திருந்தால், அது யார் வீட்டுப் பூனை என்று எப்போதோ தெரிந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் பூனையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். நாங்களும் அப்போதுதான் பார்த்தோம். வெள்ளைச் சேலைக்கு வெளியே தெரிந்த கை, கை மாதிரி இல்லை. கழுத்தெலும்புக் குழியில் ஒரு ஆழாக்குத் தண்ணீர் நிற்கும். தெரு முழுக்கப் பூனையின் உடம்பைப் பார்த்தே பொழுது போக்கியிருந்தது. வாரா வாரம் வரிசையில் வந்து நிற்கிறவளை யாரும் பார்த்திருக்கவில்லை.

"நீங்க என்ன சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டார்.

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"பூனைக்குக் கார்டு கெடையாது. ஒங்க கார்டு ஒங்களுக்கு" என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்றவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பூனையை யாரும் விசாரிக்கவில்லை.

ஒரு அகப்பை கூட

மாமியார் வள்ளியக்காவின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார். கேப்பைக் கூழை ஊற்றி எதிரே உட்கார்ந்துகொண்டார். அவள் குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் கார்டு அரிசியும் எங்கள் அரிசியும் ஒரே பானையில் வெந்தன. ஆளுக்குக் கொஞ்சம் குறைந்தது, நானே சில நாள் முணுமுணுத்திருக்கிறேன். சுவர்மேல் இலை வைப்பதை அவள் விடவில்லை. ஆனால் ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் மாமியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். பூனை மெதுவாக வடிந்தது. கொஞ்ச காலத்தில் கதவு ஓட்டையில் உலுக்காமல் நுழைந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அடுத்த பொங்கலோ அதற்கடுத்ததோ, பசுவைப் பார்க்க வந்த கம்பவுண்டர், அடுப்படி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த வள்ளியக்காவைப் பார்த்து நின்றார். வள்ளியம்மைக்கு இப்போது உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, கன்னத்தில் சதை வைத்திருக்கிறது என்றார். உண்மைதான். தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பழைய ரவிக்கை அவளுக்கு இறுக்கிப் பிடித்தது, நான்தான் பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தேன்.

மாமியாருக்கு வந்ததே கோபம். "கண்ணு வைக்காதிய. எங்க இருக்கு சதை?" என்று அவளுடைய மேல்கையைப் பிடித்துக் கம்பவுண்டரிடம் நீட்டினார். "தொட்டுப் பாருங்க, வெறும் எலும்பு. பாக்கத்தான் அப்படி."

சொல்லிவிட்டு உள்ளே போய் அவளுக்கு இன்னும் ஒரு அகப்பை ஊற்றிக்கொண்டு வந்தார்.